முடிவை எடுப்பவர் யார்?

ஆங்கிலத்தில் ஒரு முடிவை ‘மேக்’ செய்யவேண்டுமா, ‘டேக்’ செய்யவேண்டுமா? கம்பம் பள்ளத்தாக்கில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்களுக்கு மிக உறுதியான குரலில் சொல்லித்தரப்படும் ஆங்கில விதிகளுள் ஒன்று இதற்கான விடை. ‘டேக் எ டெசிஷன்’ என்பது இந்தியர்கள் செய்யும் பிழை, ‘மேக் எ டெசிஷன்’ என்பதே சரி என்கிறது அந்த விதி. இந்திய ஆங்கிலப் பிழைகள் என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருக்கும் பட்டியல்களிலும் இது தவறாமல் இடம்பெறுகிறது. இவ்விதி பாதி உண்மை. மீதிப் பாதி, மாணவர்களின் உண்மையான சிக்கலை அவர்கள் கண்ணிலிருந்தும் ஆசிரியர்களின் கண்ணிலிருந்தும் மறைக்கிறது என்பது நம் கருத்து. தமிழ் கற்பிக்கும் நாம் ஆங்கில வினைச்சொற்களைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். அச்சிக்கலின் வேர் தமிழ் வகுப்பறையிலும் ஓடுகிறது என்பதால்தான் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் பாதி உண்மையைப் பார்த்துவிடலாம். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘மேக் எ டெசிஷன்’ என்பதே இயல்பான வழக்கு. ‘டேக்’ அங்கே அரிது. பிரிட்டனிலும் ‘மேக்’ என்பதே மிகுதி என்றாலும் ‘டேக் எ டெசிஷன்’ அங்கே நெடுங்காலமாகப் புழங்கிவரும் முறையான வழக்கு. அமைச்சரவை, நிர்வாகக் குழு, நீதிமன்றம் போன்றவற்றின் முடிவுகளைச் சொல்லும்போது அது சற்று மிடுக்கோடு வந்து நிற்கும். ஆங்கில அகராதிகள் அதைப் பிரிட்டன் வழக்கு என்று குறிக்கின்றனவே தவிரப் பிழை என்று குறிப்பதில்லை. நம் நாட்டு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் பிரிட்டிஷாரின் கோப்புகளிலிருந்து ஆங்கிலம் கற்றவை. எனவே ‘டேக்’ நம்மிடம் தங்கிவிட்டதில் வியப்பில்லை. ஓர் அமெரிக்க நிறுவனத்திற்குக் கடிதம் எழுதும் மாணவன் ‘மேக்’ என்று எழுதுவது நல்லது. ஆனால் ‘டேக்’ என்று சொல்லிவிட்டதற்காக அவன் கூனிக் குறுகவேண்டியதில்லை.

முடிவை எடுப்பது என்பது உலகில் அரிதான கற்பனையும் அன்று. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகளில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இந்தியில் ‘ஃபைஸ்லா கர்னா’ என்று செய்வதும் உண்டு, ‘ஃபைஸ்லா லேனா’ என்று எடுப்பதும் உண்டு. ஜெர்மானியர்கள் முடிவைச் சந்திக்கிறார்கள். அவர்கள் அதனுடன் சேர்க்கும் வினைக்கு எதிர்ப்படுதல், தாக்குதல் ஆகிய பொருள்கள் உண்டு. லோயர் கேம்பிலிருந்து மலைப்பாதை ஏறிக் குமுளியில் இறங்கினால் அங்கே மலையாளத்தில் ‘தீருமானம் எடுக்குக’ என்கிறார்கள். நம் தீர்மானமும் அவர்களின் தீருமானமும் ஒரே சொல்தான். கீழே கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் தொழிலாளர்கள் இரண்டு மொழியிலும் முடிவுகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த வினை எந்தப் பெயரோடு சேரும் என்பது அந்தந்த மொழியின் பழக்கம். அதற்குப் பின்னால் தர்க்கம் தேடிப் பயனில்லை, பழகிக்கொள்ளவேண்டியதுதான்.

லோயர் கேம்ப் என்ற ஊர்ப்பெயரே பழக்கத்திற்கு நல்ல சான்று. இரண்டும் ஆங்கிலச் சொற்கள். ஆனால் கம்பம் பேருந்து நிலையத்தில் அப்பெயரைச் சொல்லிக் கேட்கும் மூதாட்டிக்கு அது ஆங்கிலம் அன்று. கீழ் முகாம் என்று மொழிபெயர்த்துக் கேட்டால் நடத்துநர் விழிப்பார். ஒரு தொடர் இயல்பானதா என்பதை அதன் பிறப்பிடத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. பேசுபவரின் வாயிலும் கேட்பவரின் காதிலும் அது தடுக்காமல் செல்கிறதா என்பதே அளவுகோல்.

அப்படியானால் நம் மாணவர்களின் ஆங்கிலம் எங்கே தடுக்கிறது? பெரும்பாலும் ‘டெசிஷன்’ என்ற பெயர்ச்சொல்லிலேயே தடுக்கிறது. ‘ஐ ஹாவ் டேக்கன் எ டெசிஷன் டு ஜாயின் எம்.ஏ.’ என்று ஒரு மாணவன் எழுதுகிறான். ‘டேக்கன்’ என்பதை அடித்துவிட்டு ‘மேட்’ என்று திருத்துகிறார் ஆசிரியர். விதி காப்பாற்றப்பட்டுவிட்டது. வாக்கியம் முன்போலவே விறைப்பாக நிற்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அவ்விடத்தில் ‘ஐ ஹாவ் டிசைடட் டு டூ அன் எம்.ஏ.’ என்பார். இன்னும் இயல்பாக, ‘ஐம் கோயிங் டு டூ அன் எம்.ஏ.’ என்பார். இரண்டாவது வாக்கியத்தில் முடிவு என்ற சொல்லே இல்லை. ஆனால் முடிவு அதில் முழுமையாக இருக்கிறது.

தமிழிலும் இப்படித்தானே பேசுகிறோம்? கம்பம் சந்தைக்குப் போகும் ஒருவர், ‘நான் சந்தைக்குச் செல்வதென முடிவெடுத்துள்ளேன்’ என்று வீட்டில் அறிவிப்பதில்லை. ‘சந்தைக்குப் போயிட்டு வந்துர்றேன்’ என்கிறார். இன்னும் உறுதி ஏற்படாதபோது, ‘நாளைக்குத் தேனி போகலாம்னு இருக்கேன்’ என்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எண்ணம் பிறந்துவிட்டது, முடிவாகவில்லை, யாராவது நல்ல காரணம் சொன்னால் மாறவும் கூடும். இத்தனையையும் ‘லாம் என்றிருக்கிறேன்’ என்ற ஓர் அமைப்பு தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு மிக நெருக்கமானது ‘ஐம் திங்கிங் ஆஃப் கோயிங் டு தேனி’ என்பது. பள்ளிப் பருவம் முதல் ‘போகலாம்னு இருக்கேன்’ என்று சரளமாகச் சொல்லும் ஒரு பெண், ஆங்கிலத்தில் அதே நிலையைச் சொல்ல நேரும்போது ‘ஐ ஹாவ் எ பிளான் டு டேக் எ டெசிஷன்’ என்று திணறுகிறாள் என்றால் அவளிடம் இல்லாதது அறிவன்று. அவளுடைய பேச்சுத் தமிழில் உள்ள நுட்பத்தை ஆங்கில வகுப்பும் பயன்படுத்தவில்லை, தமிழ் வகுப்பும் எடுத்துக்காட்டவில்லை.

ஆங்கிலத்தின் எதிர்கால அமைப்புகள் இரண்டையும் இந்த வழியில் எளிதாக விளக்கலாம். பேசும் அந்த நொடியில் ஒரு முடிவு பிறந்தால் ‘வில்’ வரும். முன்பே பிறந்துவிட்ட முடிவைச் சொன்னால் ‘கோயிங் டு’ வரும். பேருந்தைத் தவறவிட்டவர், ‘சரி, ஷேர் ஆட்டோவுல போயிர்றேன்’ என்று சொல்லும்போது முடிவு அப்போதுதான் உண்டாகிறது: ‘ஐல் டேக் எ ஷேர் ஆட்டோ’. வீடு கட்டக் கடன் வாங்குவதென்று சென்ற மாதமே உறுதி செய்துவிட்டவர் அதைச் சொல்லும்போது ‘ஐம் கோயிங் டு டேக் எ லோன்’. இலக்கணப் புத்தகங்கள் இதை எதிர்காலம் என்ற தலைப்பில் வைப்பதால் மாணவர்கள் காலத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். முடிவு எப்போது பிறந்தது என்பதல்லவா கேள்வி? தமிழில் ‘போயிர்றேன்’, ‘போறேன்’, ‘போகலாம்னு இருக்கேன்’ ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. அதிலிருந்து தொடங்கினால் ஆங்கில வேறுபாடு ஒரு வகுப்பில் விளங்கிவிடும்.

பேச்சில் புழங்கும் மற்ற தொடர்களுக்கும் இது பொருந்தும். ‘ரெண்டுல ஒண்ணு சொல்லு’ என்று நாம் பொறுமையிழந்து கேட்கும் இடத்தில் ஆங்கிலேயர் ‘மேக் அப் யுவர் மைண்ட்’ என்கிறார். ‘ராத்திரி யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்’ என்பதற்கு ‘லெட் மி ஸ்லீப் ஆன் இட்’. ‘உன் இஷ்டம்’ என்பதற்கு ‘இட்ஸ் அப் டு யூ’. நம் மதில்மேல் பூனை அங்கே வேலிமேல் உட்கார்ந்திருக்கும் மனிதர். சில இடங்களில் இரு மொழிகளும் விலகுகின்றன. அங்கேதான் கவனம் தேவை. தமிழில் ‘மனசு மாறிருச்சு’ என்கிறோம். மனம் தானாக மாறுகிறது. அதற்கு நாம் பொறுப்பில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ சேஞ்ட் மை மைண்ட்’ என்பதே இயல்பு. மனத்தை மாற்றியவர் நாம் என்று அந்த வாக்கியம் ஒப்புக்கொள்கிறது. ‘மை மைண்ட் சேஞ்ட்’ என்று நம் மாணவர் எழுதும்போது இலக்கணம் பிழையாவதில்லை. ஆனால் படிப்பவருக்கு, இவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறாரோ என்ற ஐயம் எழலாம். ஒரு மொழியில் இயல்பாகப் பேசுவது என்பது அந்த மொழி பொறுப்பை யார் தோளில் ஏற்றுகிறது என்பதை அறிவதும்தான்.

தமிழில் முடிவைக் குறிக்கும் சொற்களே இதைப் பற்றி நிறையப் பேசுகின்றன. முடிவு என்பதற்கு இறுதி என்று பொருள். ஆராய்ச்சி எங்கே நிற்கிறதோ அதுவே முடிவு. தீர்ப்பும் தீர்வும் தீர் என்ற வினையிலிருந்து வந்தவை. அவற்றிலும் ஏதோ ஒன்று முற்றுப்பெறுகிறது. பழைய தமிழில் இவற்றோடு துணிவு என்ற சொல்லும் இருந்தது. துணிதல் என்றால் அறுபடுதல் என்று ஒரு பொருள், தெளிந்து உறுதிசெய்தல் என்று இன்னொரு பொருள், அஞ்சாது முற்படுதல் என்று மற்றொரு பொருள். துணித்தல் என்றால் வெட்டுதல். ஆராய்ந்து முடிவு செய்து செயலில் இறங்குவதைத் திருக்குறளின் 47ஆம் அதிகாரமான தெரிந்துசெயல்வகையில் பேசும் வள்ளுவர் அதற்குத் துணிதல் என்ற வினையையே ஆள்கிறார். ஆய்வுரைகளில் ‘என்பது எம் துணிபு’ என்று எழுதும் மரபும் இதன் தொடர்ச்சியே. வியப்பு என்னவென்றால் ஆங்கில ‘டிசைட்’ என்ற சொல்லின் லத்தீன வேருக்கும் வெட்டி நீக்குதல் என்பதே பொருள். ஜெர்மானியச் சொல்லின் வேருக்கோ பிரித்தல் என்று பொருள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது மற்றவற்றை வெட்டி விடுவது என்று வெவ்வேறு மொழிகள் தனித்தனியே கண்டிருக்கின்றன. தமிழ் அதனுடன் அச்சமின்மையையும் சேர்த்தது. இன்றைய தமிழில் துணிவு என்பதில் அந்த அச்சமின்மை மட்டும் தங்கியிருக்கிறது.

அச்சொல் ஒதுங்கிய இடத்தில் முடிவு வந்து அமர்ந்து, பல வினைகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. முடிவு செய்தான், முடிவு எடுத்தான், முடிவுக்கு வந்தான், முடிவு கட்டினான் ஆகிய நான்கும் ஒன்றல்ல. முடிவுக்கு வருபவர் நடந்து வருகிறார், வழியில் யோசித்திருக்கிறார். ஆங்கிலத்தின் ‘கம் டு எ டெசிஷன்’, ‘ரீச் எ டெசிஷன்’ ஆகியவையும் அப்படியே. பலர் கூடிப் பேசியபின் கிட்டிய முடிவுக்கு அவை மிகப் பொருந்தும். ‘அவன்தான் திருடன்னு முடிவு கட்டிட்டாங்க’ என்னும்போது சரியாக விசாரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் உடன் வருகிறது. இதை ஆங்கிலத்தில் ‘தே டுக் எ டெசிஷன்’ என்றால் குற்றச்சாட்டு காணாமற்போகும். ‘தே ஹேட் ஆல்ரெடி மேட் அப் தெயர் மைண்ட்ஸ்’ என்றால்தான் வந்து சேரும். ஆங்கிலத்தில் எந்தத் தொடரைத் தேர்வது என்ற கேள்விக்கு அகராதியைத் திறக்கும் முன்பே, தமிழில் எந்த வினையைச் சொல்லியிருப்போம் என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ் வாக்கியத்தில் முடிவு தானாகவே நிகழலாம். ‘கல்யாணம் முடிவாயிருச்சு’ என்கிறோம். ‘பேசி முடிச்சாச்சு’ என்கிறோம். ‘நாள் குறிச்சாச்சு’ என்கிறோம். இவற்றில் எழுவாயாக ஒரு மனிதர் இல்லை. முடிவு ஆயிற்று, அவ்வளவே. இந்த அமைப்புக்கென்று ஓர் அழகு உண்டு. குடும்பம், உறவு, ஊர் என்று பலர் சேர்ந்து நகர்த்தியதை ஒருவர் பெயரில் எழுதுவது பொய்யாகும் என்ற நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் அதே அமைப்பு, கேட்கப்படவேண்டியவரைக் கேட்காமல் விட்டதையும் மறைத்துவிடும். இறுதியாண்டில் படிக்கும் ஒரு பெண் ‘எனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு’ என்று சொல்லும்போது, அதில் அவள் பங்கு எவ்வளவு என்பதைத் தமிழ் வாக்கியம் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் சொல்ல முயன்றால் அவள் தேர்ந்தாகவேண்டும். ‘ஐம் கெட்டிங் மேரீட்’ என்றால் ஒன்று. ‘மை பேரண்ட்ஸ் ஹாவ் ஃபிக்ஸ்ட் மை மேரேஜ்’ என்றால் வேறொன்று. ‘வீ ஹாவ் டிசைடட்’ என்றால் மூன்றாவது. இலக்கணம் இங்கே அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது. அக்கேள்வியை ஆங்கில வகுப்பில் முதல்முறையாக எதிர்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியராக இருக்கும் எவரும் அறிவர்.

நேர்காணல் பயிற்சியில் இதற்கு நேரெதிரான அநீதி நடக்கிறது. ‘சென்னைக்கோ பெங்களூருக்கோ இடம்பெயர உங்களால் இயலுமா’ என்ற கேள்விக்கு நம் மாணவர்கள் மனத்தில் முதலில் எழும் விடை ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’ என்பது. அதை அப்படியே ‘ஐ வில் ஆஸ்க் இன் மை ஹவுஸ் அண்ட் டெல்’ என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று அஞ்சி, ‘யெஸ், ஐ கேன் டேக் மை ஓன் டெசிஷன்ஸ்’ என்று மனப்பாடமாகச் சொல்லப் பழக்குகிறார்கள். முன்னது ஆங்கிலமாக இல்லை. பின்னது உண்மையாக இல்லை. இரண்டுக்கும் நடுவே ‘ஐ’ட் லைக் டு டாக் இட் ஓவர் வித் மை ஃபேமிலி ஃபர்ஸ்ட்’ என்ற இயல்பான, மரியாதையான, உண்மையான ஆங்கில வாக்கியம் இருக்கிறது. லண்டனில் பிறந்தவரும் தேவைப்படும்போது இதைத்தான் சொல்வார். இயல்பான ஆங்கிலம் என்பதைத் தனிமனிதத் தன்முனைப்பான ஆங்கிலம் என்று பயிற்சியாளர்கள் குழப்பிக்கொண்டதன் விளைவு இது. குடும்பத்தோடு கலந்து முடிவு செய்யும் வழக்கத்திற்கும் அம்மொழியில் இடம் இருக்கிறது என்று மாணவருக்குக் காட்டிவிட்டால் அவர் பொய் சொல்லவேண்டியதில்லை.

வீட்டைவிட்டு அரசு அலுவலகத்திற்கு வந்தால் எழுவாய் இல்லாத முடிவு வேறொரு வடிவம் கொள்கிறது. ‘தகுந்த முடிவு விரைவில் எடுக்கப்படும்’ என்ற வாக்கியத்தை அறியாத தமிழர் இல்லை. ஆங்கிலக் கோப்பில் ‘அப்ரோப்ரியேட் டெசிஷன் வில் பி டேக்கன்’ என்று அது வாழ்கிறது. எடுப்பவர் யார்? எப்போது? தகுந்தது எது? ஒன்றும் இல்லை. ‘மேக்’ பட்டியல்காரர்கள் இவ்வாக்கியத்தைப் பார்த்தால் ‘டேக்கன்’ என்பதை ‘மேட்’ என்று மாற்றிவிட்டு மனநிறைவு அடைவார்கள். நம் மாணவர்களுக்குத் தெரியவேண்டியது, இவ்வாக்கியத்தில் பிழையே இல்லை என்பதும், அது எதையும் சொல்லவும் இல்லை என்பதும். செயப்பாட்டு வினை தேவையான இடங்கள் உண்டு. செய்தவரை மறைப்பதற்காகவே அதைத் தேடிப் போகும் இடங்களும் உண்டு.

லோயர் கேம்பில் இருந்துகொண்டு இதைக் கற்பது எளிது. மலைக்கு மேலே இருக்கும் பெரியாற்றின் நீர் சுரங்கவழியாகவும் குழாய்வழியாகவும் இறங்கி இங்குள்ள மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு ஓடுகிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த நீரை நம்பியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக இவ்வூர்களின் வாழ்க்கையை வேறெங்கோ உண்டான முடிவுகள் நடத்திவந்திருக்கின்றன. அவை எல்லாவற்றையும் முடிவு என்ற ஒற்றைச் சொல்லில் கட்டிவிடுவது எளிது. ஆனால் அவை ஒன்றுக்கொன்று வேறானவை.

வரிசையாகப் பார்க்கலாம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு, ஏறத்தாழ 8,000 ஏக்கரை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில் 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டது. இது உடன்படிக்கை, இரு தரப்பு ஒப்பிய செயல். பென்னிகுக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895இல் திறக்கப்பட்டது. 1970 மே மாதத்தில் தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன; வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மின்னுற்பத்திக்கும் இசைவு கிடைத்தது. அதுவும் உடன்படிக்கை, பழையதைத் திருத்திய உடன்படிக்கை. 1979இல் அணையின் பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத் தலைவரின் முன்னிலையில் நடந்த கூட்டத்தைத் தொடர்ந்து, பலப்படுத்தும் பணிகள் முடியும்வரை நீர்மட்டம் 136 அடியில் நிறுத்தப்பட்டது. இது இடைக்கால ஏற்பாடு. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிவரை உயர்த்த அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடியை மீண்டும் வரம்பாக்கியது. முதலாவது நீதிமன்றத்தின் அனுமதி. இரண்டாவது சட்டமன்றத்தின் சட்டம். 2010இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் குழு 2012இல் அறிக்கை அளித்தது. குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. அது ஆராய்ந்து தன் கருத்தைச் சொல்லும். 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கேரளத்தின் திருத்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

இந்த வரிசையில் ஆங்கிலம் எத்தனை வினைகளைத் தருகிறது என்று பார்க்கவேண்டும். குத்தகைக்கு விட்டது ‘லீஸ்ட்’. ஒப்பியது ‘அக்ரீட்’. அனுமதித்தது ‘பெர்மிட்டட்’. சட்டம் இயற்றியது ‘பாஸ்ட்’. குழு கண்டறிந்தது ‘ஃபவுண்ட்’, பரிந்துரைத்தால் ‘ரெகமெண்டட்’. நீதிமன்றம் கருதித் தீர்ப்புரைத்தது ‘ஹெல்ட்’, சட்டத்தை நீக்கியது ‘ஸ்ட்ரக் டவுன்’. இவற்றில் எந்த இடத்திலும் ‘மேக் எ டெசிஷன்’, ‘டேக் எ டெசிஷன்’ இரண்டும் தேவைப்படவில்லை. தமிழிலும் அத்தனைக்கும் சொல் இருக்கிறது: ஒப்பியது, அனுமதித்தது, இயற்றியது, பரிந்துரைத்தது, தீர்ப்பளித்தது. இருந்தும் மாணவர்களின் கட்டுரைகளில் ‘அணை விவகாரத்தில் பல முடிவுகள் எடுக்கப்பட்டன’ என்றே வருகிறது. ஆங்கிலத்திலும் அதுவே பெயர்ந்து வருகிறது.

இது நடைச்சிக்கல் மட்டும் அன்று. ஒப்பந்தத்தை மாற்றவேண்டுமென்றால் எதிர்த்தரப்பிடம் பேசவேண்டும். சட்டத்தை எதிர்க்கவேண்டுமென்றால் நீதிமன்றம் செல்லவேண்டும். பரிந்துரைக்கு எதிராக வாதிடலாம். இடைக்கால ஏற்பாட்டைப் பார்த்து, இடைக்காலம் எப்போது முடியும் என்று கேட்கலாம். பலப்படுத்தும் பணிகள் முடியும்வரை என்று தொடங்கிய 136 அடி, 2014வரை 35 ஆண்டுகள் நீடித்தது. அதை ‘1979இல் எடுக்கப்பட்ட முடிவு’ என்று எழுதிவிட்டால் ‘வரை’ என்ற சொல் உதிர்ந்துவிடுகிறது. கேட்கவேண்டிய கேள்வியும் அதனுடன் போய்விடுகிறது. 2011 டிசம்பரில் இப்பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் லோயர் கேம்ப் வழியே குமுளியை நோக்கி நடந்தபோது அவர்களுக்கு இந்த வேறுபாடுகள் தெரிந்தே இருந்தன. எந்த ஒப்பந்தம், எந்தத் தீர்ப்பு, எந்தச் சட்டம் என்று தேநீர்க் கடைகளில் ஆண்டு சொல்லிப் பேசியவர்கள் அவர்கள். அந்தத் தெளிவு அவர்கள் பிள்ளைகளின் எழுத்தில், குறிப்பாக ஆங்கில எழுத்தில், மங்கிப்போகிறது என்பதே நம் கவலை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நமக்கென்று ஓர் இந்திய ஆங்கிலம் இருக்கிறது, அதை ஏன் பிறர் காதுக்கு ஏற்பத் திருத்தவேண்டும் என்று இலக்கிய நண்பர்கள் கேட்பார்கள். 1938இல் வெளிவந்த ‘காந்தபுரா’ நாவலின் முன்னுரையிலேயே ராஜா ராவ், ஆங்கிலேயரைப்போல் நாம் எழுத இயலாது, எழுதவும் கூடாது என்று வாதிட்டுவிட்டார். அந்த வாதத்தோடு நமக்கு முரண்பாடு இல்லை. ‘டேக்’கைக் காப்பாற்ற நாமும்தான் இங்கே வாதாடினோம். ஆனால் ராஜா ராவ் தேடியது, நம் பேச்சின் வேகமும் உணர்வும் ஆங்கிலத்தில் ஏறவேண்டும் என்பது. ‘அப்ரோப்ரியேட் டெசிஷன் வில் பி டேக்கன்’ என்பதில் எந்தக் கிராமத்தின் பேச்சு ஏறியிருக்கிறது? அது கோப்பின் மொழி. நம் மாணவர்களின் ஆங்கிலம் செயற்கையாக ஒலிப்பதற்குக் காரணம் அதில் தமிழ் மிகுந்திருப்பது அன்று. அவர்களுடைய வாய்மொழித் தமிழ் அதில் போதிய அளவு இல்லாமலிருப்பது.

ஆகவே ‘மேக்’ அல்லது ‘டேக்’ என்ற ஒற்றை விதியின் இடத்தில் நான்கு கேள்விகளை வைக்கலாம் என்பது நம் பரிந்துரை. முடிவு செய்தவர் யார்? தனியாகவா, கலந்து பேசியா? அது பேசும்போதே பிறந்ததா, முன்பே பிறந்ததா? அதை இனி மாற்ற இடம் உண்டா? இந்த நான்குக்கும் விடையைத் தமிழில் முதலில் சொல்லிப் பார்க்கவேண்டும், மேடைத் தமிழில் அன்று, வீட்டில் பேசும் தமிழில். பிறகு ஆங்கில வினையைத் தேடினால் அது பெரும்பாலும் எளிய சொல்லாகவே வந்து நிற்கும். ‘டெசிஷன்’ என்ற பெயர்ச்சொல் தேவைப்படும் இடங்கள் குறைவு. அது தேவைப்படும்போது ‘மேக்’ என்று எழுதினால் எங்கும் செல்லும். ‘டேக்’ என்று எழுதினாலும் பாவம் ஒன்றும் இல்லை.

இதைத் தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்பில் செய்துபார்க்கலாம். 1886 முதல் 2014 வரையிலான மேற்கண்ட நிகழ்ச்சிகளைக் கரும்பலகையில் ஆண்டுகளாக மட்டும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வாக்கியமும் ஓர் ஆங்கில வாக்கியமும் எழுதச் சொல்லலாம். இரு மொழியிலும் முடிவு என்ற சொல்லும் செயப்பாட்டு வினையும் வரக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. முதல் சில நிமிடங்கள் மாணவர்கள் தடுமாறுவார்கள். பிறகு, யார் செய்தது என்று ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்குவார்கள்.